ஏழாம் நம்பர் பள்ளியின் நடுப்பகல்

1961 ஜனவரி 10, செவ்வாய்க்கிழமை, பகல் மணி பன்னிரண்டு. வடக்கு அந்தமானில், திக்லிபூரிலிருந்து லாஞ்சில் இரண்டு மணி நேரம் தள்ளியிருந்த ஏழாம் நம்பர் குடியேற்றத்தின் பள்ளிக்கூட வாசலில், அறிவியல் ஆசிரியர் குருநாதன் சூரியனுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் இடையில் எழுந்த ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார். சூரியன் பக்கம்தான் நியாயம் என்றார். தீர்ப்பில் கோளாறு என்று அவருக்கே தெரிய மூன்று மாதம் பிடித்தது.

குருநாதனுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. ஊர் திருமங்கலம். வேலை தற்காலிகம். மூன்று வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் போர்ட் பிளேயரிலிருந்து ஒரு தாள் வரும். இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்று அதில் இருக்கும். நான்காவது தாள் அப்படி வராது, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதுகிற அறிக்கையை வைத்து ஒன்று நிரந்தரம், இல்லாவிட்டால் கப்பல் என்று அந்த வருடம் சொல்லிவிட்டார்கள்.

இதில் குருநாதனைவிட அவர் மனைவி பூங்கோதைக்குத்தான் கவலை அதிகம். திருமங்கலத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பதினோரு பேர், ஒரு அடுப்பு, அந்த அடுப்புக்கு மூன்று அதிகாரிகள். ஏழாம் நம்பரில் மூங்கில் தட்டி அடைத்த இரண்டு அறை, அட்டை கடிக்கும், பாம்பு வரும், மழை எட்டு மாதம். ஆனால் குழம்புக்கு எவ்வளவு புளி என்று அவளே முடிவு செய்யலாம்.

"நிரந்தரம் ஆகலைன்னா நீங்க மட்டும் ஊருக்குப் போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருந்துக்கிறேன்" என்பாள்.

"குவார்ட்டர்ஸை விட மாட்டான் பூங்கோதை."

"அப்ப நிரந்தரம் ஆகுங்க."

நிரந்தரம் ஆவதற்கு வழி பாடப் புத்தகம்தான் என்றே முதலில் குருநாதன் நம்பினார். புத்தகம் மெட்ராஸிலிருந்து வந்தது. தாவரங்களுக்கு அது காட்டிய உதாரணம் பனைமரம். வேகத்துக்கு உதாரணம் ரயில். அந்தத் தீவில் பனையும் கிடையாது, ரயிலும் கிடையாது. பர்மாவிலிருந்து அகதியாக வந்தவர்கள், ராமநாதபுரத்தில் மழையில்லாமல் கிளம்பியவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் ரயிலைப் பார்க்காமலேயே அதன் வேகத்தைத் தசம பின்னத்தில் சொன்னார்கள். ஒரு தடவை ஒருவன் எழுந்து, "சார், ரயிலு ஜகாஸ்ல ஏறி இங்க வருமா?" என்று கேட்டான். ஜகாஸ் என்றால் அங்கே கப்பல். உட்கார் என்றார் குருநாதன். அலை ஏற்றம் பற்றி அதே புத்தகத்தில் நாலு வரி இருந்தது. அந்த நாலு வரியைப் படிக்கத் திணறிய பிள்ளைகள், இன்றைக்கு எத்தனை மணி வரைக்கும் ஓடையை நடந்தே கடக்கலாம் என்பதைத் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார்கள். அது பரீட்சைக்கு வராது என்பதால் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1960 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கிருந்தோ புறப்பட்டு, எத்தனையோ மேஜைகளைத் தாண்டி வந்திருந்தது. பாடங்களைப் பிள்ளைகளின் சொந்தச் சூழலோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. சொந்தச் சூழலுக்கு உதாரணங்களும் கொடுத்திருந்தார்கள்: மாட்டு வண்டி, ஏற்றம் இறைக்கும் கிணறு, பனைமரம், ரயில் நிலையம்.

குருநாதன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, ஓர் அரசாங்கத் தாளின் உதாரணத்தை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஊரில் எது இருக்கிறது என்று யோசித்தார். வெயில் இருந்தது. அதுவும் நாலே மாதம், டிசம்பர் தொடங்கி. அதனால் ஜனவரியில், "பகலும் இரவும்" பாடத்துக்கு, பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வந்து நாலடிக் கம்பு ஒன்றை நட்டார். "பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகக் குறுகியதாக இருக்கும்" என்றது புத்தகம். அதைக் கண்ணால் பார்த்து நிரூபிப்பதுதான் திட்டம். பியூன் ஜம்புலிங்கம் ஜன்னல் வழியே கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல, பிள்ளைகள் நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்துக்கொண்டே வந்தார்கள்.

பதினொன்று இருபத்தைந்துக்கு நிழல் குறைவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு நீள ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கு அது கிழக்குப் பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தது.

எல்லோரும் குருநாதனைப் பார்த்தார்கள். குருநாதன் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார்.

"ஜம்பு, கடியாரத்துக்கு எப்பய்யா சாவி குடுத்தே?"

"திங்கக்கிழமை சார். திங்கக்கிழமைதானே குடுப்பேன்."

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஸ்லோ."

"அரே பாப்ரே! நேத்துதானே லாஞ்சு டயத்துக்கு வெச்சேன்?"

எட்டாம் வகுப்பில் கண்ணையாவின் மகள் அன்னம்மாள் இருந்தாள். கண்ணையா அரசாங்க லாஞ்சின் ஸ்ராங்கு. லாஞ்சை ஓட்டுவதும் அவர்தான், அதில் யார் ஏறுவது என்று முடிவு செய்வதும் அவர்தான். அன்னம்மாள் கை தூக்கினாள். "சார், அப்பா வாட்சும் இதே டைம்தான் காட்டுது."

"உங்கப்பா வாட்சும் ஸ்லோ" என்றார் குருநாதன். "சூரியன் சொல்றதைக் கேக்கணுமா, ஸ்ராங்கு சொல்றதைக் கேக்கணுமா? சயின்ஸ்னா அதுதாம்மா."

ஜம்புலிங்கம் ஸ்டூலில் ஏறிப் பெரிய முள்ளை முப்பத்தைந்து நிமிடம் முன்னால் தள்ளினார். அப்படியாக ஏழாம் நம்பருக்கு அதற்கென்று ஒரு நேரம் பிறந்தது.

ஊரில் வேறு கடிகாரம் இல்லை. ரேடியோவும் இல்லை. பள்ளி மணிதான் எல்லோருக்கும் மணி. வயலில் இருந்தவர்கள் உச்சி மணி கேட்டால் கரையேறிச் சாப்பிட உட்காருவார்கள். இதுநாள்வரை அந்த மணி பசியெடுத்துச் சாகிற நேரத்துக்குத்தான் அடிக்கும். இப்போது சரியாகப் பசிக்கிறபோது அடித்தது. ஊர்த் தலைவருக்கு அங்கே சௌத்ரி என்று பெயர். சௌத்ரி சண்முகம் வீடு தேடி வந்து ஒரு தார் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். "இத்தனை வருஷமா அந்தக் கடியாரம் நம்மள ஏமாத்தியிருக்கு பாருங்க" என்றார்.

பள்ளிக்கு வருகை கூடியது. வெயில் ஏறுவதற்கு முன்பே பள்ளி தொடங்கிவிட்டதால் பிள்ளைகள் வழியில் ஓடையில் இறங்க நேரமில்லை. சீக்கிரமே பிள்ளைகளுக்கு மணிகூடத் தேவைப்படவில்லை. பள்ளிக்குப் பின்னால் நின்ற பாதாக் மரத்தின் உச்சிக்கு வெயில் இத்தனை கை மேலே வந்தால் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

நஷ்டம் கண்ணையாவுக்குத்தான். லாஞ்சு ஒன்பது மணிக்கு ஜெட்டியை விடும். ஏழாம் நம்பர்க்காரர்கள் எட்டரைக்கு முன்னாலேயே கோழி, கருணைக்கிழங்கு, மூட்டை முடிச்சுகளோடு ஜெட்டியில் நின்று, "என்ன கண்ணையா அண்ணே, லேட்டு?" என்று சத்தம் போட்டார்கள்.

"எவனுக்குய்யா லேட்டு? சர்க்கார் டைம் எட்டு இருபது! படகுல எண்ணெய்கூட ஊத்தலை!"

"உங்க வாட்ச் ஸ்லோண்ணே. வாத்தியார் சொல்லிட்டாரு."

ஒரு நாள் கண்ணையா குருநாதனையே ஜெட்டியில் பிடித்துக்கொண்டார். "க்யா வாத்தியாரே, மாயாபந்தர்லயும் திக்லிபூர்லயும் ஒரே டைம், எல்லாம் ஒண்ணா ஓடுது. உங்க ஊர் மட்டும் முன்னாடியே பொறந்துட்டுதா?"

"நாளைக்கு மத்தியானம் வாங்க, கம்பைப் பாருங்க" என்றார் குருநாதன் பெருந்தன்மையாக.

கம்பைப் பார்க்கிற வேலையைப் பிள்ளைகள் விடவில்லை. அதுதான் வினை. தினமும் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு, நிழல் குறுகும் நேரத்தைப் பின்சுவரில் கரிக்கட்டியால் எழுதி வந்தார்கள். பிப்ரவரி பாதியில் அது பன்னிரண்டு ஏழு என்று வந்தது. கம்பு சாய்ந்திருக்கும் என்று சொல்லி, குருநாதன் தூக்குக்குண்டு கட்டி நேராக நட்டார். மார்ச்சில் அது மெள்ள முன்னால் நகர்ந்தது. ஏப்ரல் 17, திங்கட்கிழமை, பதினொன்று ஐம்பத்துமூன்று.

"மறுபடி ஸ்லோ ஆயிருச்சு. ஜம்பு, ஸ்டூலை எடு. ஏழு நிமிஷம்" என்றார்.

அன்னம்மாள் எழுந்தாள். "வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"கடியாரம் ஸ்லோ ஆகலை சார். லாஞ்சு வர்ற அன்னிக்கெல்லாம் அப்பா வாட்சையும் நம்ம கடியாரத்தையும் பாத்துருக்கேன். ஜனவரியில முப்பத்தஞ்சு நிமிஷம் வித்தியாசம். இன்னிக்கும் அதேதான். கடியாரம் அங்கேயேதான் இருக்கு சார். சூரியன்தான் ஒரு நாள் முன்னாடி வருது, ஒரு நாள் பின்னாடி போவுது."

ஜம்புலிங்கம் ஸ்டூலில் பாதி ஏறியபடி நின்றார். பாடம் மாற்றித் தப்பித்துக்கொள்ள, குருநாதன் எட்டாம் வகுப்பைப் பூகோளப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். பிரித்த பக்கம் திட்ட நேரம்.

அந்தப் பாடத்தை அவர் மூன்று வருடமாக நடத்தியிருந்தார். "இந்தியா முழுவதுக்கும் ஒரே நேரம், அது எண்பத்திரண்டரை பாகை கிழக்கு ரேகையின் சூரிய நேரம், கிழக்கே ஒரு பாகைக்கு நாலு நிமிடம் முன்பே உச்சிப்பொழுது வரும்." அலகாபாத்தில் பன்னிரண்டு என்றால் கல்கத்தாவில் சூரிய நேரம் என்ன? பிள்ளைகள் கணக்குப் போட்டுச் சரியாகச் சொல்வார்கள். அவரும் சிவப்பு மையில் சரி போடுவார். கல்கத்தாவுக்குப் போடத் தெரிந்த கணக்கு, கால் ஊன்றி நின்ற மண்ணுக்கும் பொருந்தும் என்று ஒரு நாளும், ஒருவருக்கும், அவருக்கேகூட, தோன்றவில்லை. வகுப்பில் தொங்கிய தேசப் படத்தில் அந்தமான் ஒரு மூலையில், தனிக் கட்டம் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. ரேகைகள் கட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டன.

அன்று சாயங்காலம் அவர் ஜெட்டிக்குப் போனார்.

"கண்ணையா அண்ணே, நம்ம ஊரு எத்தனாவது ரேகையில இருக்கு?"

கண்ணையா லாஞ்சுக்குள் போய், எண்ணெய்க் கறை படிந்த கடல் படத்தை விரித்தார். "தொண்ணூத்தி மூணு. ஏன், அதையும் மாத்தப் போறீங்களா?"

தொண்ணூற்று மூன்றில் எண்பத்திரண்டரை போனால் பத்தரை. நான்கால் பெருக்கினால் நாற்பத்திரண்டு. அன்றைய நிழல், சர்க்கார் நேரப்படி பதினொன்று பதினெட்டுக்குக் குறுகியிருந்தது. பன்னிரண்டுக்கு நாற்பத்திரண்டு நிமிடம் குறைவு. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. குருநாதன் ஜெட்டிக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தபியத் சரியில்லையா வாத்தியாரே?" என்றார் கண்ணையா.

"உங்க வாட்ச் கரெக்ட்டுண்ணே."

"அதைத்தானே ஜனவரியிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன்."

"கடியாரமும் கரெக்ட். சூரியனும் கரெக்ட்."

"அப்ப தப்பு யாரு?"

குருநாதன் எழுந்து வீட்டுக்கு நடந்தார். கண்ணையா திக்லிபூர் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார் என்று பிறகு தெரிந்தது. திரும்பி வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு கடிதம்: இன்ஸ்பெக்டர் பாலசுப்பிரமணியம் வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 21 அன்று வருகிறார்.

"சத்தம் போடாம கடியாரத்தைப் பின்னாடி தள்ளிடுங்க" என்றாள் பூங்கோதை. "யாருக்குத் தெரியப் போவுது?"

"முப்பத்திரண்டு பிள்ளைங்களுக்குத் தெரியும்."

"அவங்களா அறிக்கை எழுதப் போறாங்க?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் வியாழக்கிழமை காலை குருநாதன் கரும்பலகையில் அந்தக் கணக்கை முழுதாகப் போட்டார். தான் ஜனவரியில் சொன்னது தவறு, கடிகாரம் ஸ்லோ அல்ல, நாம் கிழக்கே தள்ளியிருக்கிறோம் என்றார். பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் சூரியன் ஏன் ஆடுகிறது என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்றார் அவர். கரிக்கட்டிப் பட்டியலுக்குக் கீழே அதையும் எழுதி வைக்கச் சொன்னார்: இது ஏன்? ஒரு வாத்தியார் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லைக் கேட்டதும் பின் பெஞ்சுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜம்புலிங்கம் முள்ளைத் திருப்பினார்.

சௌத்ரி சண்முகத்துக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "சூரியன் நம்ம தலைக்கு மேல நிக்குது. நாம யாரோ அலகாபாத்துக்காரன் தலைக்கு மேல வர்ற வரைக்கும் சாப்பிடாம காத்துக் கெடக்கணுமா?"

"சர்க்கார் டைம் அதுதாங்க."

"அந்தச் சர்க்காரை வந்து நாத்து நடச் சொல்லுங்க" என்றார் சண்முகம். மறுநாளும் சூரியன் உச்சிக்கு வந்ததுமே சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை லாஞ்சு ஒன்பதுக்குச் சற்று முன்னால் வந்தது. போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் மனைவி மக்களை விட்டுவிட்டு, கப்பலில் ஒன்றரை நாள், லாஞ்சில் இரண்டு மணி நேரம் என்று குலுங்கி வந்திருந்த பாலசுப்பிரமணியம், பத்து மணிப் பள்ளிக்கு ஒன்பது இருபதுக்கே போய் நின்றார். பூட்டிய கதவையும் உள்ளே ஒரு கோழியையும் எதிர்பார்த்துத்தான் போனார்; போன வாரம் ஒரு பள்ளியில் அப்படித்தான் இருந்தது. இங்கே முப்பத்திரண்டு பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரத்தைத் திருப்பியாயிற்றே தவிர, பாதாக் மரத்தைத் திருப்ப முடியவில்லை. அவர்கள் மரத்தைப் பார்த்துக் கிளம்பி வந்திருந்தார்கள்.

"மணி அடிக்க இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கே?"

"எப்பவும் இந்த நேரத்துக்குத்தான் சார் வருவோம்" என்றான் முன்வரிசையில் ஒருவன். பொய்யே கிடையாது.

பாலசுப்பிரமணியம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இருபது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு காட்சியை அவர் பார்த்ததில்லை. நோட்டை எடுத்து அங்கேயே அரைப் பக்கம் எழுதினார். குருநாதன் எட்டிப் பார்க்காமல் எட்டிப் பார்த்தார். "நேரந்தவறாமை" என்ற சொல் கண்ணில் பட்டது.

கணக்கு நடந்தது, வாசிப்பு நடந்தது, எல்லாம் சுமுகம். பதினொரு மணிக்கு அறிவியல். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை எங்கோ பிரித்தார். பகலும் இரவும்.

"சொல்லுங்க. நிழல் எப்போ ரொம்பக் குட்டையா இருக்கும்?"

வகுப்பு யோசித்தது. அன்னம்மாள் எழுந்தாள்.

"எந்த ஊர்ல சார்?"

"எந்த ஊரா? நிழலுக்கு என்னம்மா ஊரு?"

"எந்தத் தேதியில சார்?" என்றது பின் பெஞ்சு.

இன்ஸ்பெக்டர் குருநாதனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கப்பல் தெரிந்தது. பதினோரு பேர் வீடு தெரிந்தது. ஒரே ஒரு சொல் போதும், பன்னிரண்டு. கையை அப்படி இப்படி அசைத்தால் எவனாவது சொல்லிவிடுவான். குருநாதன் தொண்டையைச் செருமினார்.

அன்னம்மாள் அதற்குள், உதவி செய்கிற நினைப்பில், சொல்லிவிட்டாள். "புக்குல பன்னண்டு மணி சார். வெளியில பதினொண்ணு பதினேழு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, வாங்க சார், காட்டுறோம்."

பிள்ளைகள் எழுந்தேவிட்டார்கள். முப்பத்திரண்டு பேர் நடுவில் அகப்பட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டருக்கு வாசலுக்குப் போவதைத் தவிர வழியில்லை. வெயில் நேராக மண்டையில் இறங்கியது. நாலடிக் கம்புக்கு விரல்கடை நிழல்தான் இருந்தது. அது இன்னும் சுருங்கி, பதினொன்று பதினேழுக்கு நின்று, மறுபக்கம் கசிய ஆரம்பித்தது. பாலசுப்பிரமணியம் வாட்சைப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். ஒரு உதறு உதறினார்.

"சே, கப்பல் ஈரத்துல என் வாட்ச் ஸ்லோ ஆயிருச்சு" என்று சொல்லிச் சாவியை இழுத்து முள்ளைத் திருப்பப் போனார்.

ஜம்புலிங்கம் ஜன்னலுக்குள்ளிருந்து இருமினார். ஆமாம் சார், ஈரம்தான் சார் என்று குருநாதன் சொல்லியிருந்தால் எல்லாம் சுபம். பிள்ளைகள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, குருநாதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாட்ச் கரெக்ட் சார்" என்றார். "இதே தப்பை நானும் பண்ணேன். நாம தொண்ணூத்தி மூணாவது ரேகையில இருக்கோம்."

கணக்கைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனியே அழைத்துப் போனார்.

"எல்லாம் சரி மிஸ்டர் குருநாதன். பரீட்சையில இந்தப் பிள்ளைங்க பதினொண்ணு பதினேழுன்னு எழுதினா எவன் மார்க் போடுவான்?"

"சொந்தச் சூழலோட இணைச்சு நடத்தச் சொல்லி சர்க்குலர் வந்துதே சார்."

"சர்க்குலர்ல பனைமரம்னுதானே இருந்துது?"

"இங்க பனைமரம் இல்லை சார்."

"நட்டிருக்கலாமே?" என்றார் பாலசுப்பிரமணியம். கேலியாகச் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாடு குருநாதன் வீட்டில். பூங்கோதை வைத்த மீன் குழம்பை இன்ஸ்பெக்டர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "இந்தப் புளிப்பு எங்க வீட்ல வராதும்மா" என்றார். அறிக்கையில் குழம்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஜூன் 26 அன்று தாள் வந்தது. கண்ணையாவே ஜெட்டியில் பிரித்துப் படித்துவிட்டு, வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "முபாரக் வாத்தியாரே! பர்மனெண்ட்!" பூங்கோதை சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். குருநாதன் தாளின் இரண்டாவது பத்தியையும் படித்தார். பள்ளியில் நேரந்தவறாமை தீவுகளுக்கே முன்மாதிரி. அறிவியலில் மாணவர்கள் நேரடியாகப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்கின்றனர். பாடப் புத்தகத்தோடு முரண்படுகின்றனர். இது திருத்தப்பட வேண்டும். எனவே திரு. குருநாதன் ஜூலை முதல் தேதியிலிருந்து ஏழாம் நம்பர் பள்ளியிலேயே கணக்கு மற்றும் உடற்பயிற்சி ஆசிரியராக நிரந்தரமாக்கப்படுகிறார்.

"எந்தப் பாடமா இருந்தா என்னங்க, ஊர் இதுதானே" என்றாள் பூங்கோதை. அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கணக்கில் ரேகையைச் சேர்க்கலாமா என்று கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை.

அறிவியலுக்கு நியமிக்கப்பட்ட ஜெகநாதன் என்ற புது ஆசிரியர், ஜூலை 10 அன்று காலை லாஞ்சில் வந்து இறங்கினார். வகுப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி, நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும் என்பது; "எந்த ஊர்ல சார்?" என்றது பின் பெஞ்சு.